16 வயது மகன்: பிட்சிங்கா, ஷார்ட் ஸ்டாப்பா?

ஃபிரிஸ்கோ அப்பா:

வணக்கம். டல்லாஸ் பக்கம் இருக்கிறோம். மகனுக்கு வயது 16, பத்தாம் வகுப்பு படிக்கிறான். பள்ளி பேஸ்பால் அணியில் ஷார்ட் ஸ்டாப் (ஓடுபவர் தொட வேண்டிய இரண்டாவது, மூன்றாவது பேஸ்களுக்கு நடுவே நிற்கும் ஃபீல்டர்), வாரத்துக்கு ஒரு ஆட்டம் பிட்சிங், அதாவது பந்துவீச்சு. வலது கை. ஃபாஸ்ட்பால் மணிக்கு 84 மைல் வரை போகிறது, மெதுவாக வந்து ஏமாற்றும் சேஞ்ச்அப் நன்றாக விழுகிறது, ஸ்லைடர் என்று அவன் சொல்லிக்கொள்ளும் ஒன்று சில நாள் வளையும், பல நாள் வளையாது. பேட்டிங்கில் மூன்றாவதாக இறங்குகிறான். சிக்ஸர் ரகம் இல்லை, ஆனால் பந்தை அடிக்காமலே அவுட் ஆவது (ஸ்டிரைக் அவுட்) குறைவு.

சிக்கல் பள்ளிக்கு வெளியே ஊர் ஊராகப் போய் ஆடும் கோடைக்கால டிராவல் அணியில்தான். "பிட்சர் மட்டும்" என்றால் இடம் உண்டு என்கிறார் கோச். பேட்டைத் தொட வேண்டாம், வீசாத நாட்களில் டக்அவுட்டில் உட்கார்ந்து மற்ற பிட்சர்களின் பந்துகளைக் குறித்துக்கொண்டிருந்தால் போதுமாம். பள்ளி கோச் நேர் எதிர், ஷார்ட் ஸ்டாப்பில் இவனை விட்டால் அவருக்கு ஆள் கிடையாது. பையனைக் கேட்டால் "ரெண்டும்" என்கிறான், அமெரிக்காவின் உச்ச லீகான மேஜர் லீகில் வீசவும் அடிக்கவும் செய்யும் ஜப்பானியர் ஓட்டானியைக் காட்டுகிறான். என் மனைவி உட்பட வீட்டில் எல்லாரும் ஓட்டானி ரசிகர்கள் ஆகிவிட்டதால் அந்த வாதத்துக்குப் பதில் சொல்ல எனக்குத் துணை இல்லை.

நான் கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவன். அஸ்வின் சிறு வயதில் தொடக்க பேட்ஸ்மேனாக இருந்து பந்துவீச்சுக்கு வந்தவர், டெஸ்டில் ஆறு சதமும் அடித்தார். ஆல்ரவுண்டர் என்றால் நமக்கெல்லாம் ஒரு மரியாதை. இங்கே என்னவென்றால் மீசை முளைக்கும் முன்பே ஒன்றை வெட்டு என்கிறார்கள். பிள்ளைகளை இந்த வழியில் கொண்டுபோனவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், எதை விடுவது, எப்போது விடுவது?

பழைய ஸ்கோர்கார்டு:

சார், கிரிக்கெட் கணக்கை இங்கே போட்டால் இடிக்கும். அங்கே பந்துவீச்சாளர் பதினோராவதாகவாவது பேட்டுடன் இறங்கித்தான் ஆக வேண்டும். பேஸ்பாலில் அந்தக் கட்டாயமே போய்விட்டது, 2022-லிருந்து மேஜர் லீகின் ஒரு பாதியான நேஷனல் லீகிலும் பிட்சருக்குப் பதில் டெசிக்னேட்டட் ஹிட்டர் என்று தனி ஆள் அடிக்கிறார். ஆகவே மேலே போகப் போக ஆளைப் பிரித்து வைப்பதுதான் வழக்கம்.

ஆனால் உங்கள் கேள்விக்கு வரலாற்றில் ஓரளவு பதில் இருக்கிறது, கவனித்துப் பார்த்தால் போக்குவரத்து பெரும்பாலும் ஒரு பக்கமாகத்தான் ஓடுகிறது. ஜேக்கப் டிகிராம் ஃபுளோரிடாவில் ஸ்டெட்சன் பல்கலைக்கழகத்தில் ஷார்ட் ஸ்டாப். மூன்றாம் ஆண்டில்தான் பிட்சிங்குக்கு வந்தார், 2010-ல் டிராஃப்டில் (அணிகள் சுற்றுச் சுற்றாகப் புது வீரர்களைத் தேர்ந்தெடுப்பது) மெட்ஸ் அணி ஒன்பதாவது சுற்றில் எடுத்தது, 2018-லும் 2019-லும் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது. டிரெவர் ஹாஃப்மனை சின்சினாட்டி எடுத்ததே ஷார்ட் ஸ்டாப்பாக, அடி வரவில்லை என்றதும் 1991-ல் மவுண்டுக்கு (பிட்சர் நின்று வீசும் மேடு) மாற்றினார்கள், 601 சேவ் (முன்னணியைக் காத்து ஆட்டத்தை முடித்துக் கொடுப்பது) எடுத்து ஹால் ஆஃப் ஃபேம் போய்விட்டார். கென்லி ஜான்சன் குராசாவ் தீவிலிருந்து டாட்ஜர்ஸ் அணிக்கு வந்த கேட்சர், அதாவது பேட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பந்தைப் பிடிப்பவர். 2009 உலக பேஸ்பால் கிளாசிக்கில் நெதர்லாந்துக்கு கேட்சராக ஆடியவர், அதே ஆண்டு பிட்சர் ஆனார், அடுத்த ஆண்டு மேஜர் லீகில் வீசினார்! கிட்டத்தட்ட ஒரே வருடம்.

இப்போது எதிர்ப்பக்கம் எண்ணிப் பாருங்கள். பேப் ரூத் இருக்கிறார், அது நூறு வருடத்துக்கு முந்தைய கதை. ரிக் ஆங்கியல் இருக்கிறார். 2000 பிளேஆஃபில் ஒரே இன்னிங்ஸில் கேட்சருக்கு எட்டாத ஐந்து வைல்ட் பிட்ச் போட்டு, அதற்குப் பிறகு பந்து எங்கே போகும் என்பதே கையில் இல்லாமல் போனவர். 2005-ல் பிட்சிங்கை விட்டு மைதானக் கோடியில் நிற்கும் அவுட்ஃபீல்டர் ஆகி, கீழ் லீகுகளில் அடித்துப் பழகி 2007-ல் செயின்ட் லூயிஸுக்குத் திரும்பிய முதல் நாளே ஹோம் ரன் (நம் சிக்ஸர் மாதிரி) அடித்தார். அவர் மாதிரி இன்னும் நாலு பெயர் சொல்ல வேண்டுமென்றால் நான் யோசிக்க வேண்டும்.

காரணமும் புரிந்துகொள்ளக் கூடியதுதான். கையில் வேகம் இருந்தால் 20 வயதிலும் அதைத் தீட்டலாம். 95 மைல் பந்து பிட்சர் கையை விட்டு பேட்டுக்கு வர ஏறக்குறைய 0.4 நொடி, அதற்குள் அது ஃபாஸ்ட்பாலா ஸ்லைடரா என்று கண் பிடித்தாக வேண்டும். அந்தக் கண் நல்ல பிட்சர்களை எதிர்த்து நூற்றுக்கணக்கான முறை நின்றால்தான் வரும். 16-லிருந்து 18 வரை பேட்டைக் கீழே வைத்தவன் திரும்ப எடுக்கும்போது அவன் வயதுப் பையன்கள் எங்கேயோ போயிருப்பார்கள். அதனால் என் ஓட்டு: பிட்சர் மட்டும் என்பதற்கு இப்போதைக்கு தலையாட்டாதீர்கள்.

கேட்சர் அம்மா:

பெயர்ப் பட்டியல் எல்லாம் சரிதான், கையைப் பற்றி யாரும் பேசவில்லையே.

என் மகன் 14 வயதில் பிட்சர் கம் கேட்சர். சனிக்கிழமை காலை ஆட்டத்தில் 70 பந்துக்கு மேல் வீசுவான், மதியம் மாஸ்க் மாட்டிக்கொண்டு உட்காருவான். கேட்சர் ஒவ்வொரு பந்தையும் பிட்சருக்குத் திருப்பி எறிகிறார், ஓடுபவர் அடுத்த பேஸைத் திருடப் பார்த்தால் (ஸ்டீல்) இரண்டாவது பேஸ் வரை எறிகிறார், அது எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. வலிக்கிறதா என்றால் இல்லை என்பான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கண்ணாடி முன்னால் இடது கையால் தலை சீவிக்கொண்டிருந்தான், அவன் வலது கைக்காரன். அன்றைக்கே டாக்டரிடம் ஃபோன் போட்டேன். எலும்பு வளரும் இடமான வளர்ச்சித் தட்டில் வீக்கம், மூன்று மாதம் எறியவே கூடாது என்றார்கள். நல்ல வேளை அதோடு போனது.

மேஜர் லீகும் யுஎஸ்ஏ பேஸ்பாலும் சேர்ந்து போட்ட பிட்ச் ஸ்மார்ட் விதிகளைப் படியுங்கள். 15, 16 வயதுக்கு ஒரு நாளில் அதிகபட்சம் 95 பந்து, 75-ஐத் தாண்டினால் நான்கு நாள் ஓய்வு. ஆண்டில் நான்கு மாதம் பிட்சிங்கே கூடாது, அதில் இரண்டு மூன்று மாதம் தொடர்ச்சியாக எந்த எறிதலும் கூடாது. பள்ளி ஆட்டத்துக்குப் பள்ளி கணக்கு வைக்கும், டிராவல் அணிக்கு அவர்கள் வைப்பார்கள், இரண்டையும் கூட்டிப் பார்ப்பது யார்? நீங்கள்தான். அலபாமாவில் பர்மிங்ஹாம் ஆய்வாளர்கள் அறுவை சிகிச்சைக்குப் போன இளம் பிட்சர்களையும் போகாதவர்களையும் ஒப்பிட்டு 2006-ல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். கை களைத்த பிறகும் வழக்கமாக வீசியவர்களுக்கு அறுவை சிகிச்சைக்குப் போகும் வாய்ப்பு 36 மடங்கு. முப்பத்தாறு! வளைவுப் பந்தைப் பற்றிக் கவலைப்படும் அப்பாக்கள் இந்த எண்ணைப் பற்றிக் கவலைப்பட்டால் தேவலை.

உங்கள் பையன் கேட்சர் இல்லை என்பது நிம்மதி. ஆனால் ஷார்ட் ஸ்டாப்பும் லேசான வேலை இல்லை, மூன்றாவது பேஸ் பக்கத்து இடைவெளியிலிருந்து முதல் பேஸுக்கு எறிவது முழு பலத்தோடு எறிவது. முதல் நாள் வீசிவிட்டு மறுநாள் அங்கே நிற்கிறானா? அதைச் சொல்லுங்கள் முதலில்.

இடதுகை:

நான் கொஞ்சம் கசப்பாகச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

ஷார்ட் ஸ்டாப் என்பது ஒவ்வொரு பள்ளியிலும் இருப்பதிலேயே சிறந்த ஆட்டக்காரனை நிறுத்தும் இடம். கல்லூரிக்குப் போனால் முதலாண்டுப் பையன்களில் பாதிப் பேர் முன்னாள் ஷார்ட் ஸ்டாப்கள்தான், அங்கே ஒருவன் அந்த இடத்தில் நிற்பான், மற்றவர்கள் இரண்டாவது பேஸ், மூன்றாவது பேஸ், அவுட்ஃபீல்டு என்று சிதறுவார்கள். பிட்சருக்கு அப்படி இல்லை. மேஜர் லீக் அணியில் 26 பேர் என்றால் 13 பேர் வரை பிட்சராக இருக்கலாம். காலி இடம் அதிகம் உள்ள தெருவில் கடை போடுங்கள் என்பதுதான் அந்த டிராவல் கோச் சொல்வது, அதில் தப்பு ஒன்றும் இல்லை. 16 வயதில் 84 நல்ல வேகம். வலது கை என்பதால் பெரிய டிவிஷன் 1 (கல்லூரி விளையாட்டின் மேல்மட்டம்) கல்லூரிகள் 90-ஐ ஒட்டி எதிர்பார்க்கும், இன்னும் இரண்டு வருடத்தில் எட்டக்கூடியதுதான், ஆனால் அதற்கு வெயிட் ரூம், எறிதல் திட்டம் எல்லாம் வேண்டும், நேரம் எங்கிருந்து வரும்?

அப்புறம் ஓட்டானி. பையனிடம் ஒன்று கேளுங்கள், ஓட்டானி எந்த ஃபீல்டிங் இடத்தில் ஆடுகிறார்? எந்த இடத்திலும் இல்லை. வீசாத நாளில் டெசிக்னேட்டட் ஹிட்டர், அடித்துவிட்டு உட்கார்ந்துவிடுவார். ஜப்பானில் நிப்பான் ஹாம் அணியில் தொடக்கத்தில் அவுட்ஃபீல்டில் நின்றார், அமெரிக்கா வந்தபின் அது அபூர்வம். அப்படிப் பொத்திப் பொத்தி வைத்தும் 2018-ல் ஒரு முறை, 2023-ல் ஒரு முறை என முழங்கையில் இரண்டு அறுவை சிகிச்சை. 54 ஹோம் ரன், 59 ஸ்டீல் என்று எல்லாரும் கொண்டாடிய 2024-ல் அவர் ஒரு பந்துகூட வீசவில்லை. 2025 அக்டோபரில் ஒரே ஆட்டத்தில் மூன்று ஹோம் ரன், பத்து ஸ்டிரைக் அவுட் எடுத்தார், நானும் நடு ஹாலில் எழுந்து கத்தினேன், அது வேறு விஷயம்.

ஓட்டானி அளவு இல்லாத, ஆனாலும் அசாத்தியத் திறமையான பையன்களுக்கு என்ன ஆனது? பிரெண்டன் மெக்கே, 2017-ல் நான்காவது ஆளாக டாம்பா பே எடுத்தது, முதல் பேஸும் ஆடுவார் இடது கையால் வீசவும் செய்வார். 2019-ல் மேஜர் லீக் வந்தார், அதன்பின் தோள்பட்டை, முழங்கை என்று காயத்தோடே காலம் போனது. அதே டிராஃப்டில் இரண்டாவதாகப் போன ஹன்டர் கிரீன் ஷார்ட் ஸ்டாப்பை விட்டுவிட்டு பிட்சிங்கை மட்டும் எடுத்துக்கொண்டார். 2019-ல் முழங்கைத் தசைநாருக்கான டாமி ஜான் அறுவை சிகிச்சை அவருக்கும் வந்தது, ஆனாலும் 2022 முதல் சின்சினாட்டியில் வீசுகிறார். தேர்ந்தெடுப்பது தோல்வி இல்லை என்பதற்குச் சொல்கிறேன்.

ஃபிரிஸ்கோ அப்பா:

எல்லாருக்கும் நன்றி. கேட்சர் அம்மா கேட்டதற்குப் பதில்: மறுநாளே இல்லை, பெரும்பாலும் செவ்வாய் வீசுகிறான், வெள்ளி ஷார்ட் ஸ்டாப், இடையில் பயிற்சியிலும் எறிகிறான். போட்டி நெருக்கமாக இருந்தால் கடைசி இன்னிங்ஸில் ஷார்ட் ஸ்டாப்பிலிருந்து நேராக மவுண்டுக்குக் கூப்பிடுகிறார்கள், அங்கே கிடைக்கும் எட்டு பந்துதான் வார்ம்அப். இதைப் படித்ததும் வயிற்றைக் கலக்குகிறது. இடதுகை சார் சொன்ன ஓட்டானி விஷயம் எனக்கே புதிது, இரவு சாப்பிடும்போது எடுத்துவிட்டேன், பையன் பதில் பேசவில்லை, தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் அம்மாதான் "அடிக்கவாவது விடுவார்களா என்று கேளுங்களேன்" என்றாள்.

நெல்லை டு நியூஜெர்சி:

பள்ளி அணிகளுக்குக் கோச்சாக இருந்தவன் என்ற முறையில். உங்கள் மனைவி கேட்டதுதான் சரியான கேள்வி. இரண்டு கோச்சும் "பிட்சரா ஷார்ட் ஸ்டாப்பா" என்று கேட்டதால் நீங்களும் அப்படியே கேட்கிறீர்கள். உண்மையில் அவனிடம் மூன்று வேலை இருக்கிறது: வீசுவது, அடிப்பது, ஷார்ட் ஸ்டாப்பில் எறிவது. கையைத் தின்பது முதலாவதும் மூன்றாவதும். மூன்றாவதை மட்டும் குறைத்தால் மற்ற இரண்டும் பிழைக்கும். வீசியதற்கு மறுநாளும் அதற்கடுத்த நாளும் டெசிக்னேட்டட் ஹிட்டர், இல்லையென்றால் முதல் பேஸ், அங்கே எறிதல் குறைவு. கை முழுதாகத் தேறிய நாளில் ஷார்ட் ஸ்டாப். பள்ளி கோச் முணுமுணுப்பார், இருக்கட்டும்.

ஷார்ட் ஸ்டாப்பிலிருந்து நேராக மவுண்டுக்கு என்பதை உடனே நிறுத்துங்கள். ஸ்பென்சர் ஷ்வெல்லன்பாக் நெப்ராஸ்காவில் ஷார்ட் ஸ்டாப் ஆடிக்கொண்டே ஆட்டத்தை முடிக்கவும் வீசினார், 2021-ல் கல்லூரியின் சிறந்த இருவேலை ஆட்டக்காரர் விருது வாங்கினார், அட்லாண்டா அவரை பிட்சராக எடுத்தது, எடுத்த கொஞ்ச நாளில் டாமி ஜான். அதனால்தான் வந்தது என்று நான் சொல்ல மாட்டேன், 2024-ல் மேஜர் லீகுக்கு வந்து நன்றாகவே வீசினார். ஆனால் உங்கள் பையனுக்கு அட்லாண்டாவின் மருத்துவக் குழு இல்லை. ஒன்று ஆட்டத்தைத் தொடங்கட்டும், அல்லது பிட்சர்கள் வீசிப் பழகும் புல்பென்னில் முறையாகச் சூடு ஏற்றிக்கொண்டு வரட்டும்.

கை வேகம் ஷார்ட் ஸ்டாப்பில் வீணாகிறது என்று யாராவது சொன்னால் மேசின் வின்னைக் காட்டுங்கள். 2020-ல் செயின்ட் லூயிஸ் அவரை இரண்டு வேலைக்கும் சேர்த்துத்தான் எடுத்தது, அவர் ஷார்ட் ஸ்டாப்பிலேயே தங்கினார், 2022-ல் இளம் வீரர்களுக்கான ஃபியூச்சர்ஸ் ஆட்டத்தில் அங்கிருந்து முதல் பேஸுக்கு எறிந்தது 100.5 மைல். உங்க ஊர் டெக்சஸ் பையன்தான்.

தேதி ஒன்றும் நினைவில் இருக்கட்டும். பதினொன்றாம் வகுப்பு தொடங்கும் ஆண்டின் ஆகஸ்ட் 1-லிருந்துதான் டிவிஷன் 1 கோச்சுகள் பையன்களை நேரடியாகத் தொடர்புகொள்ளலாம். உங்களுக்கு அது இந்த ஆகஸ்ட். அவர்கள் அழைக்கும்போது எதற்காக அழைக்கிறார்கள் என்று பார்த்தாலே பாதி விடை தெரிந்துவிடும், அதற்குள் நீங்களாக ஒரு கதவைச் சாத்த என்ன அவசரம்? இந்தக் கோடையில் டிராவல் கோச்சிடம் வாரத்தில் இரண்டு ஆட்டம் அடிக்க வாய்ப்பு கேளுங்கள், மறுத்தால் வேறு அணி பாருங்கள், டல்லாஸில் டிராவல் அணிக்கா பஞ்சம்.

இடதுகை:

இதை நானும் ஒத்துக்கொள்கிறேன். 18 வயதில் முடிவு செய்யட்டும். அதுவரை வெயிட் ரூமை மட்டும் விடாதீர்கள், மெலிந்த பையன் என்றால் எந்த வேலைக்கும் அதுதான் முதலில்.

ஃபிரிஸ்கோ அப்பா:

டிராவல் கோச்சிடம் பேசினேன். ஞாயிற்றுக்கிழமை ஆட்டங்களில் டெசிக்னேட்டட் ஹிட்டராக இறக்கிப் பார்க்கிறேன், உறுதி தர மாட்டேன் என்றார். பள்ளி கோச்சுக்கு நாளை மின்னஞ்சல். செப்டம்பரில் இலையுதிர்கால லீக் ஒன்றுக்கும் பையன் பெயர் கொடுக்கச் சொல்கிறான், சேர்க்கலாமா?

கேட்சர் அம்மா:

சேர்த்தால் அடிக்க மட்டும் சேருங்கள். பிப்ரவரியிலிருந்து ஜூலை வரை வீசியிருப்பான், செப்டம்பரிலும் வீசினால் ஓய்வு மாதங்கள் எங்கே வரும்? காலண்டரில் முதலில் ஓய்வைக் குறித்துவிட்டு மிச்சத்துக்கு ஆட்டம் தேடுங்கள். அவன் எந்தக் கையால் தலை சீவுகிறான் என்பதையும் அவ்வப்போது எட்டிப் பாருங்கள், கேட்டால் சொல்ல மாட்டார்கள் இந்தப் பயல்கள்.