ஆச்சியின் டிரங்கில் இருந்ததை வைத்துக் கலை செய்யலாமா?

கேள்வி: லயத்துப் பேத்தி, மூணாறு

எங்க ஆச்சி சின்னப் பெண்ணாகத் தென்காசிப் பக்கத்திலிருந்து, தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் கங்காணியோடு மலையேறியவர். தேயிலைக் கொழுந்தெடுத்தே காலம் போயிற்று. வேலை ஓய்ந்ததும் லயத்து வீட்டை (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) விட்டுக் கொடுத்தோம். மிஞ்சியது ஒரு டிரங்கு: இடுப்பில் கட்டிய சாக்கு, சம்பளச் சீட்டுகள், மூலை அரித்த ஒரே ஒரு போட்டோ. அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர் பெட்டீ ஸார், பாட்டி முறையான ஹாட்டி இறந்தபின் அவர் வைத்துப்போன பொருட்களைக் கொண்டே படைப்புகள் செய்தார். அதைப் பார்த்ததிலிருந்து கை துறுதுறுக்கிறது. ஆனால் அந்தக் கலைக்குப் பின்னால் அடிமைக் கப்பல் இருக்கிறது. அவர்கள் வழியை எடுத்தால் அவர்கள் துயரத்தையும் நமதென்று சொல்வதாகுமா?

பதில்: கொழிஞ்சாம்பாறைத் தையல்

ஆகாது தங்கச்சி. யாரிடம் கற்றோம் என்று பக்கத்திலேயே எழுதி வையுங்கள். அடிமை வியாபாரமும் கங்காணி முறையும் ஒன்று என்று மட்டும் காட்டிவிடாதீர்கள். இன்னொரு அமெரிக்கக் கறுப்பினக் கலைஞரான ஃபெய்த் ரிங்கோல்டுடைய பாட்டியின் பாட்டி, அடிமையாக இருந்து ஒட்டுத்துணி விரிப்பு தைத்தவர். 1980-ல் ரிங்கோல்ட் தன் முதல் விரிப்பான ‘எக்கோஸ் ஆஃப் ஹார்லெ’மைத் தன் அம்மாவோடு சேர்ந்துதான் செய்தார். நீங்களும் அம்மாவை உட்கார வைத்துத் தையுங்கள். ஊசி ஓடும்போது ஆச்சி பேச்சு தானாக வரும்.

பதில்: சித்தூர் பிரிண்ட்

அசல் போட்டோவில் கை வைக்காதீர்கள். ஸ்கேன் செய்து, இடம் வலம் மாற்றி லேசர் பிரிண்ட் எடுங்கள், இங்க்ஜெட் உதவாது. துணிமேல் கவிழ்த்து வைத்து, பின்புறம் அசிட்டோன் என்ற கரைப்பான் தடவி, கரண்டி முதுகால் தேய்த்தால் படம் இறங்கும். ஜன்னல் திறந்திருக்கட்டும், அடுப்புப் பக்கம் வேண்டவே வேண்டாம். சாக்கின் இழை பெரிது, அதில் நேராக இறங்காது. பழைய வேட்டித் துணியில் இறக்கிச் சாக்கின் மேல் தையுங்கள். நைஜீரியாவில் பிறந்த ஓவியர் என்ஜிடெகா அகுன்யிலி கிராஸ்பி குடும்பப் படங்களை இப்படித்தான் தாளில் இறக்குகிறார். அவருடைய ‘டீ டைம் இன் நியூ ஹேவன், எனுகு’ (2013) அவசியம் பாருங்கள். அவர் பிறந்த எனுகு நகரத்து வீட்டு மேசைக்குத் தேநீர்ப் பழக்கத்தைக் கொண்டுவந்ததும் பிரிட்டிஷ்காரர்கள்தான், மூணாறில் தேயிலை நட்டதும் அவர்கள்தான்.

லயத்துப் பேத்தி

அம்மா சம்மதித்துவிட்டார். சாக்கிலுள்ள கொழுந்துக் கறையைத் துவைக்கக் கூடாதாம், அது ஒன்றுதான் நிபந்தனை. சம்பளச் சீட்டில் அரிசிக்கும் கம்பளிக்கும் பணம் பிடித்ததாக எழுதிய வரிகளைப் பெரிதாக்கி ஆச்சி முகத்துக்குப் பின்னால் வைக்கப் போகிறோம். அண்ணா, மங்கிய பென்சில் எழுத்து ஸ்கேனில் விழுமா?

சித்தூர் பிரிண்ட்

விழும். கறுப்பு வெள்ளையில் எடுக்காமல் கலரில், 600 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) எடுங்கள். கருமையை அப்புறம் கூட்டிக்கொள்ளலாம்.