ஏலெவலுக்கு கொம்பியூட்டர் சயன்ஸா, எலெக்ட்ரோனிக்ஸா, ஐரியா (தகவல் தொழில்நுட்பமா)? திங்கள் பதியோணும், உதவுங்கோ

ஹரோ அப்பா:
வணக்கம். மகனுக்கு வியாழக்கிழமை ஜிசிஎஸ்இ ரிசல்ட் வந்தது (இங்க இங்கிலாந்தில 16 வயசில எழுதுற சோதினை, 9 தான் ஆகக்கூடின கிரேட்). மேத்ஸ் 6, பிசிக்ஸ் 7, கொம்பியூட்டர் சயன்ஸ் 5, இங்கிலிஷ் 6. திங்கள் காலமை ஏலெவல் படிக்கிற சிக்ஸ்த் ஃபோர்ம் கொலிஜில போய்ப் பதியோணும். மார்கழியில குடுத்த ஃபோர்மில மேத்ஸ், பிசிக்ஸ், கொம்பியூட்டர் சயன்ஸ் எண்டு நான்தான் நிரப்பினனான், இப்ப பெடியன் மேத்ஸ் வேண்டாமாம், எலெக்ட்ரோனிக்ஸ் ஏலெவலும் ஐரி பிடெக்கும் (ஏலெவலுக்குப் பதிலா எடுக்கிற தொழில் சார்ந்த கோர்ஸ்) பிஸ்னஸும்தான் எண்டு ஒற்றைக்காலில நிக்கிறான். எனக்கு இதுகளுக்கு வித்தியாசமே விளங்கேல்லை, எல்லாம் கொம்பியூட்டர்தானே? கனடாவில இருக்கிற மச்சான் கொம்பியூட்டர் சயன்ஸை விடாதை எண்டு ஒவ்வொரு நாளும் கோல் எடுக்கிறார். பெடியனோ கேம் கொன்ட்ரோலரைக் கழட்டி, தொடாமலே தானா ஓடுற அதின்ர குமிழை மாத்திச் சோல்டர் பண்ணி, சாப்பாட்டு மேசையில ரெண்டு கரும்புள்ளியும் போட்டு வச்சிருக்கிறான். என்ன செய்யலாம்?

அனு ரீச்சர்:
அண்ணா, பேரைப் பாத்து ஏமாறாதேங்கோ. நான் சிக்ஸ்த் ஃபோர்மில கொம்பியூட்டர் படிப்பிக்கிறன், கேம் செய்யலாம் எண்டு செப்டெம்பரில சிரிச்சுக்கொண்டு வந்து ஒக்டோபரில முகம் வாடிப்போற பிள்ளையளை வருசா வருசம் காணுறன். கொம்பியூட்டர் சயன்ஸ் பாதி கணக்கு மாதிரித்தான், பைனரியில தசம எண் எழுதுறது, பூலியன் அல்ஜிப்ரா (சரி, பிழையை வச்சுச் செய்யிற கணக்கு), டைக்ஸ்ட்ரா (ஆகக் குறுகின பாதை கண்டுபிடிக்கிற முறை), பிக் ஓ (ப்ரோக்ராம் எவ்வளவு கெதியா ஓடும் எண்டு அளக்கிறது) எண்டு போகும். ரெண்டு பேப்பர் 40, 40 வீதம், மிச்சம் 20 வீதம் பிள்ளை தானே தெரிவுசெய்து எழுதுற ப்ரொஜெக்ட், அதுக்குக் கோட் எழுதுறதை விட ரிப்போர்ட் எழுதுறதுதான் பெரிய வேலை.

ஐரி வேற. கம்பனிக்குள்ள சிஸ்டம் எப்பிடி ஓடுது, டேட்டாபேஸ், வெப்சைட், வியாபாரத்துக்குச் சோஷியல் மீடியா, இப்பிடி. ஊரில ஏலெவலில ஐசிரி இருக்குத்தானே எண்டு கனபேர் கேக்கினம், இங்க அந்த ஏலெவலை நிப்பாட்டி 2018ஓட சோதினையும் முடிஞ்சுது.

எலெக்ட்ரோனிக்ஸ் எண்டா சேர்க்கிட். 555 டைமர், ஒப் ஆம்ப் (சிக்னலைப் பெருப்பிக்கிற சிப்), மொஸ்ஃபெட், லொஜிக் கேற், மைக்ரோகொன்ட்ரோலர் எண்டு அதுக்குள்ள வாற பாகங்கள். அதுவும் ரெண்டு பேப்பர், 20 வீதம் தானே செய்யிற ப்ரொஜெக்ட். இங்கிலாந்தில இப்ப எடூக்காஸ் எண்ட சோதினை போர்ட் மட்டும்தான் அதை நடத்துது, படிப்பிக்கிற கொலிஜும் குறைவு. உங்கட கொலிஜில இருக்கெண்டா அதை லேசா விடாதேங்கோ.

சென்னை டு ரெடிங்:
சார் ஒரு விஷயம், இந்த பிடெக் நம்ம ஊரு பி.டெக் கிடையாது 😀 அக்கா பையன் பிடெக் சேந்திருக்கான்னு ஃபோன்ல சொன்னேன், எங்கம்மா பதினாறு வயசுலயே இன்ஜினியர் ஆயிட்டான்னு தெரு பூரா சொல்லிட்டாங்க. ஜோக் ஒருபக்கம் இருக்கட்டும், பையன் மேத்ஸ விடறதுதான் எனக்கு பயமா இருக்கு. கேம்பிரிட்ஜ், இம்பீரியல்ல கம்ப்யூட்டிங் டிகிரிக்கே மேத்ஸ் ஏலெவல்தான் கட்டாயம், கம்ப்யூட்டர் சயின்ஸ் கட்டாயம் இல்ல. எலெக்ட்ரிகல் எலெக்ட்ரானிக்ஸ் டிகிரிக்கும் பெரும்பாலும் மேத்ஸ் இல்லாம உள்ள விடமாட்டாங்க. யூனிவர்சிட்டி அட்மிஷனுக்கான யூகாஸ் பாயின்ட்ல பிடெக் டிஸ்டிங்ஷனும் 48, ஏலெவல் ஏ கிரேடும் 48, கணக்கு சரியா வருதேன்னு நம்பிடாதீங்க, எந்த சப்ஜெக்ட் வேணும்னு கோர்ஸ் பக்கத்துல தனியா ஒரு வரி இருக்கும், அதப் படிங்க.

பழைய பிடெக்காரன்:
அங்கிள் பிடெக் ஒண்டும் மட்டம் இல்ல, நான் அதைச் செய்துதான் இப்ப சைபர் செக்யூரிட்டி டிகிரி 2ம் வருசம். சும்மா கோர்ஸ்வேர்க் எண்டு நினைச்சுப் போனனான், டேட்டாபேஸ் யூனிட்டைச் சோதினை மாதிரி இருத்தி வச்சு செய்யவிட்டினம், வேர்த்துப்போச்சு. எங்கட கொலிஜில ஒரு வருசத்துக்குள்ள மூண்டு ரீச்சர் மாறினவை, அதால ரீச்சர் ஆரெண்டு கேட்டுப்போட்டுச் சேருங்கோ. டிஜிட்டல் ரி லெவல் எண்டு ரெண்டு வருசத் தொழில்படிப்பும் இருக்கு, அது மூண்டு ஏலெவலுக்குச் சமன், 315 மணித்தியாலமாவது வேலையிடத்தில நிக்கோணும், ஆனா அதை எடுத்தா வேற பாடத்துக்குப் பெரும்பாலும் இடமிருக்காது.

ஹரோ அப்பா:
எல்லாருக்கும் நன்றி. மேத்ஸ் 6ஓட ஏலெவல் தாங்குவானோ? கொம்பியூட்டர் சயன்ஸில 5 தானே எடுத்தவன்.

அனு ரீச்சர்:
6 எண்டா கஷ்டப்படோணும், முடியாதெண்டில்லை, முதல் ரெண்டு மாசம் அல்ஜிப்ராவில விழாமப் பாருங்கோ. அந்த 5 எந்தப் பேப்பரால வந்தது எண்டு ரிசல்ட் தாளோட கொலிஜிலயே கேளுங்கோ. இண்டைக்கு இன்னொண்டு செய்யுங்கோ, கொம்பியூட்டர் சயன்ஸ் பழைய பேப்பர் ஒண்டு, எலெக்ட்ரோனிக்ஸ் பேப்பர் ஒண்டு, ரெண்டையும் பிரிண்ட் எடுத்து ஒண்டும் சொல்லாம மேசையில வச்சிட்டு எழும்பிப் போங்கோ. சரியா எழுதுறானோ எண்டு பாக்காதேங்கோ, எதுக்கு முன்னால இருக்கிறான் எண்டு பாருங்கோ.

ஹரோ அப்பா:
ஞாயிறு பின்னேரம் வச்சனான். கொம்பியூட்டர் தாளில டைக்ஸ்ட்ரா கேள்வியை மட்டும் செய்தான், அதில மிச்சத்தைத் தள்ளி வச்சிட்டான். எலெக்ட்ரோனிக்ஸ் தாளில ஒப் ஆம்ப் கேள்வி, படிக்காததுதானே, ஃபோனில தேடி ஃபோர்முலாவை எடுத்துப்போட்டு தாளின்ர பின்பக்கம் முழுக்கச் சேர்க்கிட் கீறி வச்சிருக்கிறான், தேத்தண்ணி ஆறிப்போச்சு. இதுக்கும் மேத்ஸ்தான்டா எண்டன், ஃபோர்முலாவைத் திருப்பிப் பாத்தான், ஒண்டும் பறையேல்லை.

ஹரோ அப்பா:
பதிஞ்சாச்சு. மேத்ஸ், பிசிக்ஸ், எலெக்ட்ரோனிக்ஸ். கொலிஜில மேத்ஸுக்கு 6 காணுமாம், ஆனா செப்டெம்பரில ஒரு டெஸ்ட் வைப்பினமாம், ஒக்டோபருக்குள்ள சரிவராட்டி பாடம் மாத்தலாம் எண்டவை. மச்சானுக்கு இன்னும் சொல்லேல்லை. மேசையில விரிச்சுப்போட்டுச் சோல்டர் பண்ணுற சிலிக்கோன் பாய் எங்க நல்லதா வாங்கலாம், ஆருக்கும் தெரியுமோ?