போல் பைதனின் வயிறு சிவக்குது, முதுகு கறுக்குது: அவசரம்

பம்பலப்பிட்டி_கே:
நான் வளர்க்கிற போல் பைதன் (சின்ன மலைப்பாம்பு இனம்) திடீரெண்டு நிறம் மாறுது. முதுகு நல்ல மண்ணிறமும் பொன்னிறமுமா இருந்தது, இப்ப கறுத்து மங்கிப்போச்சு. வெள்ளை வயிறு சிவப்பாகுது. எலி போட்டும் தொடேல்லை. என்ன செய்யிறது, கெதியா சொல்லுங்கோ.

மருதானை_நானா:
தோல் கழட்டப் போகுது, வேற ஒண்ணுமில்ல. முதல்ல நிறம் மங்கும், வயிறு ரோஸாகும், கண் பால் பூத்து நீலமா வரும். பொறகு கண் தெளியும், தெளிஞ்சு ஒரு கிழமைக்குள்ள தோல் கழண்டுடும். அந்த நேரம் சாப்பிடாது. கையில எடுக்காம விடுங்க.

செதிலும்_தோலும்:
நானா சொல்லுறதா இருக்கலாம், ஆனா இவ்வளவு விபரத்தோட முடிவெடுக்க ஏலாது. வயசு, நிறை, கடைசியா எப்ப தோல் கழட்டினது? தரைக்கு என்ன போட்டிருக்கிறீங்கள்? சூட்டுப் பக்கம் எத்தனை பாகை, எதால அளந்தது? முக்கியமா, சிவப்பு வயிறு முழுக்க ஒரே சீரா இருக்கா, திட்டுத் திட்டா இருக்கா? பகல் வெளிச்சத்தில ஒரு படம் போடுங்கோ.

வெள்ளவத்தை_மோர்ஃப்:
என்ன மோர்ஃப், அதாவது மரபணுவால வாற நிற வகை, எண்டு ஒருத்தரும் கேக்கேல்லையே. பஸ்டல் எண்டா வயசு போகப் போக மஞ்சள் மங்கி மண்ணிறம் கூடும். பனானா எண்டா வளர வளர கறுப்புப் புள்ளி விழும். ரெண்டும் நோய் இல்லை. இரவில பார்த்தா பகலை விட வெளிறித் தெரியிறதும் உண்டு. வளர்ந்த பெண் எண்டா முட்டைக் காலத்துக்கு முன்னம் நிறம் எடுப்பா மாறும்.

வத்தளை_ஊர்வன:
வழமைபோல விபரம் இல்லாத கேள்வி. வெப்பநிலை, ஈரப்பதன், தரைவிரிப்பு, உணவு, எடை ஆகிய ஐந்தையும் எழுதாமல் இங்கே உதவி கேட்க வேண்டாம் என்று எத்தனை தடவைதான் சொல்வது? பாம்பை வாங்கும் முன் படிக்க வேண்டியதை வாங்கிய பிறகாவது படியுங்கள். மோர்ஃப் பற்றிப் பேசும் தம்பிக்கும் ஒன்று: மரபணுவால் வரும் நிறமாற்றம் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் நடக்கும். “திடீரென்று” என்ற சொல்லை அவர் எழுதியிருக்கிறார், வாசியுங்கள்.

பம்பலப்பிட்டி_கே:
சாதாரண நிறம், மோர்ஃப் இல்லை. ஆண், 900 கிராம் அளவு. பிளாஸ்ரிக் பெட்டி, கீழ ஹீற் மாற் (மின்சாரச் சூட்டு விரிப்பு). தரைக்குத் தென்னஞ்சோறு (தேங்காய்த் தும்புத் தூள்). கண் தெளிவாத்தான் இருக்கு. சிவப்பு திட்டுத் திட்டா, நடுவயிற்றில கூட.

செதிலும்_தோலும்:
கண் தெளிவு, சிவப்பு திட்டு. அப்ப தோல் கழட்டுறது மட்டும் காரணம் எண்டு நான் நம்பேல்லை. தோல் கழட்ட முன்னம் வாற ரோஸ் நிறம் தலையில இருந்து வால் வரைக்கும் ஒரே மாதிரிப் பரவும். ஹீற் மாற்றுக்கு தெர்மோஸ்டட், அதாவது சூட்டைக் கட்டுப்படுத்துற கருவி, இருக்கா? தண்ணி தெளிக்கிறனீங்களா?

நுகேகொடை_எல்:
தென்னஞ்சோறா? முதல்ல ஒரு சோதனை. வெள்ளைத் துணியை இளஞ்சூட்டுத் தண்ணியில நனைச்சு வயிற்றைத் துடையுங்க. துணியில மண்ணிறம் வந்தா அது சாயம். கழுவாத தென்னஞ்சோறும் தும்புத் துண்டும் ஈரமானா தேத்தண்ணி மாதிரிச் சாயம் விடும், வெள்ளை வயிற்றில அது பிடிச்சுத் தெரியும். இதுக்காகவே நான் தும்புத் துண்டுகளைத் தண்ணி தெளிஞ்சு வரும்வரைக்கும் ஊறவைச்சு ஊற்றச் சொல்லுறது.

பம்பலப்பிட்டி_கே:
துடைச்சன், ஒண்டும் வரேல்லை. தெர்மோஸ்டட் இல்லை, மாற் நேரா பிளக்கில. காலையும் பின்னேரமும் ஸ்பிரே பண்ணுறன், வீடியோவில அப்பிடித்தான் சொன்னது. அறை ஏசி.

செதிலும்_தோலும்:
இப்ப விளங்குது. அந்த வீடியோக்கள் வீட்டுக்குள்ள காத்து வரண்டு கிடக்கிற குளிர்நாடுகளுக்குச் செய்தது. கொழும்பில காத்தில ஈரப்பதன் பெரும்பாலும் 70, 80 வீதத்தில நிக்கும், போல் பைதனுக்குத் தேவையானதே 60 இல இருந்து 80 வரைக்கும்தான். ஏசி அறையில கொஞ்சம் குறையும், அதுக்கு ஒரு தண்ணிப் பாத்திரமும் மூடியில துளையும் போதும். நீங்கள் தென்னஞ்சோற்றை நனைக்க, கீழ இருந்து மாற் சூடேத்த, ஏசி பட்ட மூடி குளிர்ந்து ஆவி தண்ணியாகித் திரும்பத் தரையிலயே சொட்டுது. பாம்பு நாள் முழுக்கச் சூடான ஈரத்தில வயிறு வைச்சுக் கிடக்குது. செதில் அழுகல் வர இதைவிட வேற ஒண்டும் தேவையில்லை. காத்தில ஈரம் இருக்கலாம், தரையில இருக்கக் கூடாது. முதுகு கறுத்ததுக்குத் தோல் கழட்டுற நேரம் கிட்டுறதும் காரணமா இருக்கலாம்.

தெர்மோஸ்டட் இல்லாத மாற் 40 பாகைக்கு மேலயும் போகும். சுட்டா பாம்பு விலகிப் போகும் எண்டு நம்பாதேங்கோ, வயிறு வெந்தாலும் அதிலயே கிடக்கும். நடுவயிற்றுத் திட்டு அழுகலா, சூட்டுக் காயமா எண்டு படத்தில பிரிக்க ஏலாது.

இண்டைக்கே செய்ய வேண்டியது:
தென்னஞ்சோறு முழுக்க வெளியில. பெட்டியை ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணி கலந்து கழுவி, நல்லா அலசி, மணம் போகும்வரை காயவிடுங்கோ. தரைக்கு அச்சடிக்காத வெள்ளைக் கிச்சன் பேப்பர், நனைஞ்ச உடனே மாத்துங்கோ. ஸ்பிரே நிப்பாட்டுங்கோ.
மாற்றைக் கழட்டுங்கோ, ஆனா அறையைக் குளிரவிடாதேங்கோ. ஏசியை நிப்பாட்டினாலே எங்கட ஊரில 27, 28 பாகை கிடைக்கும். தெர்மோஸ்டட் வாங்கின பிறகு மாற்றைப் பூட்டுங்கோ, அதுவும் தரையில மூண்டில ஒரு பங்குக்கு மட்டும். சென்சரை மாற்றுக்கும் பெட்டி அடிக்கும் நடுவில ஒட்டுங்கோ. உள்ளுக்குள்ள வைச்சா பாம்பு அதைத் தள்ளிப்போடும், தெர்மோஸ்டட் குளிரெண்டு நினைச்சு சூடேத்திக்கொண்டே இருக்கும். உள்தரையில 32 பாகை வரும்வரை செற் பண்ணுங்கோ. நெத்தியில பிடிக்கிற காய்ச்சல் மானி இதுக்குச் சரிவராது, பரப்புச் சூடு அளக்கிற இன்ஃப்ராரெட் மானி வேணும்.
பொவிடோன் அயடின் 10 வீதம் பாமசியில இருக்கு. வெளிர் மண்ணிறம் வாற அளவுக்கு இளஞ்சூட்டுத் தண்ணியில ஐதாக்கி, பாம்பின்ர உடம்பில பாதி உயரத்துக்கு மட்டும் விட்டு 10 நிமிஷம் வைக்கலாம். பக்கத்தில நிண்டு பாருங்கோ, பிறகு ஒத்தி உலர்த்துங்கோ. கொப்புளம் இருந்தா உடைக்காதேங்கோ, டொக்டர் பார்க்க முன்னம் கிறீமும் பூசாதேங்கோ.

மருதானை_நானா:
அப்ப வெட் (மிருக வைத்தியர்) கிட்ட போகத் தேவையா?

செதிலும்_தோலும்:
தேவை. செதிலுக்குக் கீழ ஊசிமுனை அளவு இரத்தப்புள்ளி, வாய் திறந்து மூச்சு விடுறது, கையில எடுத்தா துவளுறது, இதில ஒண்டு இருந்தாலும் இரத்தத்தில கிருமி பரவியிருக்கலாம். நாளைக்கெண்டு வைக்கக் கூடாது. அன்ரிபயோற்றிக் ஊசியை நீங்களே போடாதேங்கோ, சிலது சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

கொட்டாஞ்சேனை_வி:
வெட்டிட்ட போறதுக்கு முன்னால ஒரு கேள்வி. இந்தப் பாம்புக்குக் கடதாசி இருக்கா? வெளிநாட்டு ஊர்வனத்தை இறக்க வனசீவராசிகள் திணைக்களத்தின்ர அனுமதி வேணும். போல் பைதன் சைட்டிஸ் எண்ட, அருகிவரும் உயிரின வர்த்தகத்தைக் கட்டுப்படுத்துற சர்வதேச ஒப்பந்தத்தின்ர இரண்டாம் பின்னிணைப்பில இருக்கு, இலங்கை 1979 இல இருந்தே அதில அங்கத்துவம். வளர்க்கிறதுக்கு உதவி செய்யிறது சரியா எண்டு எல்லாரும் யோசிக்க வேணும்.

வெள்ளவத்தை_மோர்ஃப்:
நோயாளிப் பாம்புக்கு உதவுறது எப்பிடிப் பிழையாகும்? கடதாசி கேட்டுக்கொண்டு நிண்டா செத்துப்போகும்.

கொட்டாஞ்சேனை_வி:
உதவ வேண்டாம் எண்டு நான் சொல்லேல்லை. சந்தையில வாங்கிற ஒவ்வொருத்தரும் அடுத்த கடத்தலுக்குக் காசு குடுக்கினம். இது மேற்கு, மத்திய ஆபிரிக்காப் பாம்பு. கைவிட்டு வெளியில விட்டா எங்கட வெங்கணாந்திக்கு (உள்ளூர் மலைப்பாம்பு) நோய் காவும். அதைத்தான் சொல்லுறன்.

வத்தளை_ஊர்வன:
இருவரும் வேறு இழையில் பேசுங்கள். வெளியே விடுவது தவறு என்பதில் இங்கே கருத்து வேறுபாடு இல்லை. கேட்டவருக்கு: ஈரப்பதன் மானி ஊசி வைத்ததாக இருந்தால் எறியுங்கள். டிஜிட்டல் மானியையும் சோதித்துப் பாருங்கள். ஒரு போத்தல் மூடியில் உப்பும் அது சேறாகும் அளவு தண்ணீரும் வைத்து, மானியோடு சேர்த்துக் காற்றுப் புகாத பையில் ஓர் இரவு விடுங்கள். 75 வீதம் காட்ட வேண்டும்.

நுகேகொடை_எல்:
தென்னஞ்சோற்றுக்குப் பழி போடாதேங்கோ. கழுவி, காயவைச்சு, மேல் பக்கம் வரண்டு கிடந்தா அது நல்ல தரைவிரிப்பு. பெரிய தும்புத் துண்டு இன்னும் நல்லது, மாவு மாதிரி இருக்கிறதுதான் தண்ணியைப் பிடிச்சு வைக்கும்.

செதிலும்_தோலும்:
ஓம், ஆனா வயிறு ஆறி, ஒரு முறை தோல் கழண்டு புதுச் செதில் வரும்வரைக்கும் பேப்பர்தான்.

பம்பலப்பிட்டி_கே:
வெட்டிட்ட காட்டினன். செதில் அழுகல், தொடக்கம். ஒரு இடத்தில சூட்டுக் காயமும் இருக்காம். சில்வர் சல்ஃபடயசின் கிறீம் தந்தவர். தெர்மோஸ்டட் பூட்டியாச்சு. எலி எப்ப குடுக்கலாம்?

செதிலும்_தோலும்:
சூட்டுப் பக்கம் 32 இல நிலையா நிக்குது எண்டு மானியில பார்த்த பிறகு, வழமையை விடச் சின்னதா ஒண்டு. தின்னாட்டி வற்புறுத்தாதேங்கோ. திண்டா ரெண்டு நாளைக்குக் குளியலும் வேண்டாம், தூக்கவும் வேண்டாம், கக்கிப்போடும்.