கூடத்துப் படம் யாருக்கு?

கோவைச் சித்தப்பா: ஞாயிற்றுக்கிழமை விருதுநகர் வீட்டுச் சாவியைக் கொடுக்க வேண்டும். பீரோ, கட்டில், ஆட்டுக்கல் பேசியாச்சு. கூடத்தில் இருக்கும் காமராஜர் படம் யாருக்கு?

மதுரை அத்தை: எனக்கு.

பெரியப்பா: மூத்தவன் வீட்டுக்குத்தான் வர வேண்டும்.

மதுரை அத்தை: ஆட்டுக்கல்லுக்கும் இதையேதான் சொன்னீர்கள் அண்ணே.

தம்பி: போட்டோ எடுத்து ஆளுக்கொரு பிரிண்ட் போடலாமே?

பெரியப்பா: அது வெறும் படம் இல்லை தம்பி. உன் தாத்தாவை நாலாம் வகுப்போடு நிறுத்திப் பருப்பு மில்லுக்கு அனுப்பப் பார்த்தார்கள். 1956-ல் காமராஜர் மதிய உணவு கொண்டுவந்தார். ஒரு வேளைச் சோறு கிடைக்குமே என்றுதான் திரும்பப் பள்ளிக்கு விட்டார்கள். ஆறாம் வகுப்போடு படிப்பை விட்ட மனிதர் போட்ட சோற்றில் தாத்தா எஸ்.எஸ்.எல்.சி. முடித்தார். முதலமைச்சராக இருந்தபோது தன் அம்மா சிவகாமி அம்மாள் வீட்டுக்கு நகராட்சி போட்ட தனிக் குழாயைக்கூட எடுக்கச் சொன்னவர். ஊரே தெருக்குழாயில் பிடிக்கும்போது அவர் வீட்டுக்கு மட்டும் எதற்கு என்று...

அண்ணி: மாமா, பீரோ சாவி யாரிடம்?

மதுரை அத்தை: 1967-ஐயும் சொல்லுங்கள் அண்ணே.

சின்னச் சித்தப்பா: அது எதற்கு இப்போ?

தம்பி: என்ன 1967?

மதுரை அத்தை: காமராஜர் நம்ம ஊரிலேயே தோற்ற தேர்தல். 1,285 ஓட்டு வித்தியாசம். எதிரே நின்றவர் மாணவர் தலைவர் சீனிவாசன். அப்பாவுக்கு அதுதான் முதல் ஓட்டு. இந்திப் போராட்டச் சூடு, அரிசி கிடைக்காத கோபம். சீனிவாசனுக்குத்தான் போட்டார். 1975 அக்டோபர் 2, காமராஜர் இறந்த சேதி கேட்டு ராத்திரி முழுக்கத் தூங்கவில்லையாம். மறுநாள் போய் வாங்கிவந்த படம் அது.

சின்னச் சித்தப்பா: அந்தக் கோபமும் நியாயம்தான் அக்கா.

மதுரை அத்தை: தப்பென்று நான் சொல்லவில்லையே. அப்பாதான் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

பெரியப்பா: என்னிடம் சொன்னதே இல்லை.

அண்ணி: வரும்போது எண்ணெய் புரோட்டா எத்தனை வாங்க?

தம்பி: எனக்கு நாலு. பீரோ சாவி மாடத்தில் இருக்கு அண்ணி.

பெரியப்பா: சரி, படம் மதுரையிலேயே இருக்கட்டும். ஜூலை 15 பிறந்தநாளுக்குச் சர்க்கரைப் பொங்கல் வைக்கும்போது பேசிக்கொள்வோம்.

மதுரை அத்தை: அப்புறம் கேட்டால் தர மாட்டேன்.

கோவைச் சித்தப்பா: ஆணி துருப்பிடித்திருக்கு, கண்ணாடி பழசு. பதமாகக் கழற்ற ஆள் வேண்டும். சனிக்கிழமை யார் வருகிறீர்கள்?

பெரியப்பா: நான் வருகிறேன்.

மதுரை அத்தை: நானும்.