சின்டர்கிளாசும் கிறிஸ்துமஸ் தாத்தாவும் ஒருவர்தானா?

புதுக்குடி எழுதியது:
வணக்கம். நெதர்லாந்துக்கு வந்து நான்கு மாதங்கள்தான் ஆகின்றன. மகள் காலணியொன்றில் கேரட் போட்டுக் கொண்டுவர வேண்டும் என்று நவம்பர் நடுவில் பள்ளியிலிருந்து கடிதம் வந்தது. மறுநாள் கேரட்டைக் காணவில்லை. அவள் பெயரின் முதலெழுத்து வடிவில் ஒரு சாக்லேட் இருந்தது. வைத்தவர் சின்டர்கிளாஸ் என்கிறாள். படத்தில் அவர் ஆயரின் (பிஷப்பின்) உயர்ந்த தொப்பியும் செங்கோலுமாக நிற்கிறார். இவர்தான் நம் கிறிஸ்துமஸ் தாத்தாவா? டிசம்பர் 25 அன்றும் பரிசு வாங்க வேண்டுமா?

கால்வாய்க்கரை எழுதியது:
இங்கே இருவரும் வேறு வேறு ஆட்கள், சகோதரி. சின்டர்கிளாஸ் என்பது புனித நிக்கோலாசின் பெயர் டச்சு நாவில் தேய்ந்த வடிவம். அவருடைய திருநாள் டிசம்பர் 6, பரிசுப் பொதிகளைப் பிரிப்பது அதற்கு முந்திய மாலை. டச்சுக்காரர் குடியேறிய நியூயார்க் பக்கத்தில் அந்தப் பெயரே சான்டா கிளாஸ் ஆயிற்று. 1823இல் அங்கே ஒரு செய்தித்தாளில் வந்த கவிதை அவருக்கு எட்டுக் கலைமான்களைப் பூட்டிவிட்டது. ஆயர் கோலத்தை இழந்த அந்த அமெரிக்கத் தாத்தா பிறகு கடல் கடந்து இங்கேயே வந்து, கெர்ஸ்ட்மான், அதாவது கிறிஸ்துமஸ் மனிதர், என்ற பெயரில் தனியாக நடமாடுகிறார். கேரட் சின்டர்கிளாசின் வெள்ளைக் குதிரைக்கு. எங்கள் வீட்டில் டிசம்பர் 5 மட்டும்தான். பிள்ளைகள் இரண்டையும் கேட்டுப் பார்ப்பார்கள், அசைந்துவிடாதீர்கள்.

பழந்தாள் எழுதியது:
அந்த ஆயர் இன்றைய துருக்கியிலுள்ள மீராவில் 4ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தவர். சீதனம் கொடுக்க வழியில்லாத தகப்பனின் மூன்று பெண்களுக்காக, இரவில் யாரும் அறியாமல் சன்னல் வழியே பொன்முடிப்புகளை எறிந்தார் என்பது அவரைப் பற்றிய கதை. சீதனக் கொடுமையை அறிந்த நமக்கு இதற்கு உரை தேவையில்லை. அவருடைய எலும்புகள் 1087இல் இத்தாலியின் பாரி நகருக்குக் கொண்டுசெல்லப்பட்டன. அந்நகர் பின்னர் ஸ்பானிய முடியின் கீழ் இருந்ததால்தான் சின்டர்கிளாஸ் ஸ்பெயினிலிருந்து வருகிறார் என்று சிலர் சொல்வர். அவர் வந்திறங்கும் நீராவிக் கப்பலை அவருக்குக் கொடுத்தது 1850இல் வந்த ஒரு குழந்தைகள் படநூல்.

மூன்றாம்மாடி எழுதியது:
எல்லாரையும் கிறிஸ்துமஸ் தாத்தா என்று மொழிபெயர்ப்பதால் வரும் குழப்பம் இது. ஜெர்மனியில் சீர்திருத்த சபையினர் புனிதர் வணக்கத்தை ஏற்காமல், பரிசு தருபவர் குழந்தை இயேசுவே என்று வைத்தனர். கிறிஸ்ட்கின்ட் என்ற அந்தப் பெயர் இன்று பெரும்பாலும் கத்தோலிக்கத் தெற்கில்தான் வழங்குகிறது, வேடிக்கைதான். அமெரிக்காவிலோ அதே பெயர் கிரிஸ் கிரிங்கிள் என்று திரிந்து தாடிக்காரருக்கே போய்விட்டது. இத்தாலியில் ஜனவரி 6 விடியலுக்குள் பரிசு வைப்பவள் பெஃபானா என்னும் கிழவி. யாழ்ப்பாணத்தார் கிறிஸ்துமஸ் தாத்தாவுக்குச் சொல்லும் நத்தார் பாப்பா என்ற பெயரில் இருப்பது போர்த்துக்கீசரின் நத்தால், அதாவது கிறிஸ்துமஸ்.

புதுக்குடி எழுதியது:
மூவருக்கும் நன்றி. நாளை வீட்டிலேயே காலணி வைக்கப்போகிறோம். கேரட்டைத் தோல் சீவி வைப்பதா, அப்படியே வைப்பதா என்று மகள் கேட்கிறாள்.

கால்வாய்க்கரை எழுதியது:
சீவ வேண்டாம். தழையோடு கிடைத்தால் அப்படியே வையுங்கள். விடிவதற்குள் எடுத்து ஒளித்துவைப்பது உங்கள் பொறுப்பு.