மறு: டிப் – தோயலா, தொடுகறியா?

காய்த்துண்டுகளைத் தொட்டுச் சாப்பிடும் கெட்டி விழுதான 'டிப்'புக்குத் தமிழ்ப்பெயர் தேடும் இந்த இழையில் வந்த யோசனைகளுக்கு என் பதில்.

> 'தோயல்' என்று வைக்கலாமே? அவியல், பொரியல், துவையல் வரிசையில் அழகாக உட்காருகிறது.

அழகுதான். ஆனால் அந்த வரிசையே அதற்கு எதிராகச் சாட்சி சொல்கிறதே! அவிந்தது அவியல், பொரிந்தது பொரியல், துவைத்தது துவையல். எதன்மேல் வேலை நடந்ததோ அதற்குத்தான் பெயர். அந்தக் கணக்குப்படி தோயல் என்பது கிண்ணத்தில் இருக்கும் விழுது ஆகாது. அதில் முங்கி எழுந்த காரட் துண்டுதான் தோயல்.

இன்னொரு சிக்கலும் உண்டு. யாழ்ப்பாணத்தில் தோய்வது என்றால் தலைக்குக் குளிப்பது. 'தோயல் தயார்' என்றால் துவாயைத் தேடுவார்கள். (இத்தாலியின் பியமோந்தே பக்கம் பூண்டையும் உப்பு நெத்திலியையும் ஆலிவ் எண்ணெயில் இளஞ்சூட்டில் கரைத்து, காய்களைத் தொட்டுச் சாப்பிடுகிறார்கள். அதன் பெயரான பாஞ்ஞா காவுதாவைச் 'சூடான குளியல்' என்றும் மொழிபெயர்ப்பதுண்டு. அவர்களுக்குச் சரி, நமக்கு வேண்டாம்.)

> பச்சடி இருக்கும்போது புதுச்சொல் எதற்கு?

நல்ல கேள்வி. வீட்டிலேயே செய்து பார்த்தேன். கிரேக்கர்களின் சட்சிகியும் நம் வெள்ளரிப் பச்சடியும் ஏறக்குறைய ஒரே சாமான்தான்: தயிர், வெள்ளரி, உப்பு. அவர்கள் பூண்டும் ஆலிவ் எண்ணெயும் சேர்ப்பார்கள், நாம் கடுகு தாளிப்போம். உண்மையான வித்தியாசம் தண்ணீரில் இருக்கிறது. ஒரு கப் தயிரை மெல்லிய துணியில் கட்டி, ஃபிரிட்ஜில் நாலு மணி நேரம் வடியவிட வேண்டும். துருவிய வெள்ளரியில் உப்புப் போட்டுப் 10 நிமிடம் கழித்து இறுக்கிப் பிழிய வேண்டும். அப்புறம் இரண்டையும் கலந்து, நசுக்கிய பூண்டு ஒரு பல். குடைமிளகாய்த் துண்டால் அள்ளினால் அப்படியே நிற்கும். முதல் தடவை பிழிய மறந்துவிட்டேன். அரை மணியில் நீர் விட்டுக்கொண்டது. அதைப் பச்சடி என்று சொல்லிச் சோற்றில் ஊற்றிக்கொண்டோம், யாருக்கும் குறையில்லை. பச்சடி தளர்ந்தாலும் பச்சடிதான். டிப் தளர்ந்தால் டிப் இல்லை. காயில் ஒட்ட வேண்டும், சட்டையில் சொட்டக் கூடாது.

> செய்யும் பொருளை வைத்தே பெயரிடலாம்: கடலை விழுது, தயிர் விழுது...

தனித்தனிப் பண்டத்துக்கு அது பொருந்தும். கொண்டைக்கடலை டிப்பான ஹும்முஸைப் பாருங்கள், அரபியில் ஹும்முஸ் என்றாலே கொண்டைக்கடலைதான். அதில் சேரும் எள் விழுது, எலுமிச்சைச் சாறு, பூண்டு எல்லாம் பெயருக்குள் வரவில்லை. நாம் தேடுவதோ மொத்த வகைக்கும் ஒரு பெயர்.

என் ஓட்டு 'தொடுகறி'க்கு. இதை உருவாக்கவே தேவையில்லை, அகராதியில் இருக்கிறது. 'தொட்டுக்க என்ன?' என்று தினமும் கேட்கிறோம். ஊறுகாய், குடிநீர் போல வினைத்தொகை. தொட்ட, தொடுகின்ற, தொடும் கறி. தொடுதிரையும் தொடுகோடும் இருப்பதால் குழப்பம் வரும் என்று ஒருவர் எழுதியிருந்தார். சமையலறையில் தொடுகோடு வரைபவர் எவர்?

கறி என்றால் ஆட்டிறைச்சி என்று நினைப்பார்களே என்பதுதான் கொஞ்சம் கனமான ஆட்சேபம். ஆனால் காய்கறியில் கறி இருக்கிறது. இலங்கையில் மரக்கறி இருக்கிறது. சங்க இலக்கியத்தில் கறி என்றால் மிளகு. இன்றைய ஊர்வழக்குக்காக இந்தச் சொல்லை இழக்க வேண்டாம்.

தொடுகறி என்றால் இட்லிக்கான சட்னியும் அதற்குள் வந்துவிடுமே என்றால், வரட்டும். சட்னியும் தொட்டுக்கொள்வதுதான். பிரித்துச் சொல்ல வேண்டிய இடத்தில் 'பச்சைக்காய்த் தொடுகறி' எனலாம்.

சாஸை விட்டுவிடுவோம், அது தமிழாகிவிட்டது. மயோனைசில் எண்ணெயும் நீரும் பிரியாமல் முட்டை மஞ்சள்கரு பிடித்துவைப்பதை விளக்கும் இடத்தில், பாடநூலில் உள்ள 'பால்மம்' (எமல்ஷன்) போதும். மூன்று பங்கு எண்ணெய்க்கு ஒரு பங்கு வினிகர் என்று அடித்துக் கலக்கிச் சாலட் மேல் ஊற்றும் டிரெஸ்ஸிங்கைத் தொடுகறிக்குள் திணிக்க வேண்டாம். அதற்குத் தனி இழையில் சண்டை போடலாம்.

ஞாயிறு வரை மறுப்பு வராவிட்டால் 'தொடுகறி'யை நம் சொற்பட்டியலில் ஏற்றிவிடுகிறேன். மறுக்க நினைப்பவர்கள் இட்லி மிளகாய்ப்பொடியை நல்லெண்ணெயில் கெட்டியாகக் குழைத்து, ஒரு முள்ளங்கித் துண்டைத் தொட்டுச் சாப்பிட்டுவிட்டு எழுதவும்.