மண்டி நோட்டில் நாலு கோல்

குழு: நம்ம வீடு, தர்மபுரி

வியாழன், இரவு 7:12

அப்பா: எல்லாருக்கும் ஒரு விஷயம். தம்பிக்கு பெங்களூரில் ஒரு கிளப்பின் ஃபுட்பால் அகாடமியிலிருந்து அழைப்பு வந்திருக்கிறது. ஞாயிறு காலை 8 மணிக்கு ட்ரையல்ஸ். தேர்வானால் அங்கேயே தங்க வேண்டும். மாவட்ட ஸ்டேடியத்தில் இவன் ஆடியதைப் பார்த்த ஒருவர்தான் பெயர் கொடுத்திருக்கிறார். அண்ணா, நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

சித்தி (காவேரிப்பட்டணம்): கண்ணு! வாயில் சர்க்கரை போடணும் உனக்கு 🙏

மாமா (ஓசூர்): சந்தோஷம் மாமா. ஆனால் மனதில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். ப்ளஸ் ஒன் நடுவில் பையனைக் கிளப்பை நம்பி அனுப்புவது எனக்குச் சரியாகப் படவில்லை. சென்னை சிட்டி என்ன ஆனது? இந்தியாவிலேயே கோப்பை ஜெயித்த கிளப். இரண்டு வருடத்தில் இருந்த இடம் தெரியவில்லை.

சித்தி: அது இன்னும் ஆடுகிறதே? அபிஷேக் பச்சன் வருவாரே?

தம்பி: அது சென்னையின் எஃப்சி சித்தி, ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) டீம். சென்னை சிட்டி வேறு. அது ஐ-லீக் என்ற இன்னொரு தேசிய லீக். பெயர்தான் சென்னை, 2017-18 சீசனிலிருந்து ஹோம் கிரவுண்ட் கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியம்.

அம்மா: மதியத்திலிருந்து இதே பேச்சு. இன்னும் சாப்பிடவில்லை அவன்.

இரவு 7:40

பெரியப்பா (பாலக்கோடு): மண்டியிலிருந்து இப்போதுதான் வந்தேன். எல்லாம் படித்தேன். கொஞ்சம் பொறுங்கள், ஒன்று தேடுகிறேன்.

இரவு 8:05

பெரியப்பா: 📷 படம்

பெரியப்பா: இது என் மண்டிப் பாக்கெட் நோட்டு. 2019 மார்ச் 9, சனிக்கிழமை. மேலே பாருங்கள், அன்றைக்கு விடிகாலை ஏலத்தில் போன தக்காளி கிரேட் கணக்கு. அதற்குக் கீழே கோடு போட்டு அன்றைய சென்னை சிட்டி மேட்ச் கோல்களை எழுதியிருக்கிறேன்.
0-1 பிலாலா
1-1 மான்சி, பெனால்டி
2-1 போரா
3-1 போரா!!
சிவப்புக் கறை தக்காளிச் சாறு. கடைசி வரியில் பேனா காகிதத்தைக் கிழித்திருக்கிறது பாருங்கள்.

நான்: பெரியப்பா, இதை இத்தனை வருடம் வைத்திருக்கிறீர்களா!

பெரியப்பா: கணக்கு நோட்டை நான் எரிப்பதில்லை கண்ணு. அன்றைக்கு ஏலம் முடிந்த கையோடு நானும் உன் அப்பாவும் இவனைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினோம். நாலாம் வகுப்பு அப்போது. தொப்பூர் கணவாயில் லாரி ஒன்று நின்றுபோய் ஒரு மணி நேரம் நகரவில்லை. சேலத்தில் பஸ் மாறி கோயம்புத்தூர் காந்திபுரம், அங்கிருந்து வ.உ.சி. பூங்கா பக்கம் நடை. ஸ்டேடியத்துக்கு வெளியிலேயே சத்தம் கேட்டது.

மாமா, நீங்கள் சொல்வது பொய்யில்லை. ஆனால் அந்தக் கிளப் என்ன செய்தது என்று தெரிந்துகொண்டு அப்புறம் பேசுவோம். அது கடைசி மேட்ச். ஜெயித்தால் கோப்பை நமக்கு. தோற்றால், கோழிக்கோட்டில் அதே நேரம் ஆடிக்கொண்டிருக்கும் ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால், கோப்பை கொல்கத்தாவுக்கு. எதிரணி மினர்வா பஞ்சாப், முந்தைய வருட சாம்பியன். உட்கார்ந்து மூச்சு விடுவதற்குள் கோல் போட்டுவிட்டார்கள்.

அப்பா: அண்ணன் இடைவேளையில் டீகூடக் குடிக்கவில்லை.

பெரியப்பா: எப்படிக் குடிப்பது? கேலரியில் பாதிப் பேர் கண் கிரவுண்டில், பாதிப் பேர் கண் போனில். இடைவேளைக்கு அப்புறம் பெனால்டி. பெட்ரோ மான்சி அடித்தார். அந்த சீசனில் மட்டும் 21 கோல் அவருக்கு. கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால் பின்தங்கியது என்று சேதி வந்தது, கொஞ்ச நேரத்தில் 2-1 என்று முந்திவிட்டது. அதற்குள் இங்கே கௌரவ் போரா. தடுப்பாட்டக்காரர் அவர், ஸ்ட்ரைக்கர் இல்லை. அவர்தான் இரண்டு கோல். நமக்கு 43 புள்ளி, அவர்களுக்கு 42. ஒரே ஒரு புள்ளி. தமிழ்நாட்டுக் கிளப் ஒன்று ஐ-லீக்கை ஜெயித்தது அதுதான் முதல் தடவை.

தம்பி: மூன்றாவது கோலை நான் பார்க்கவே இல்லை பெரியப்பா. முன்னால் இருந்தவர்கள் எல்லாம் எழுந்துவிட்டார்கள். சட்டையும் முதுகும்தான் தெரிந்தது. சத்தம் மட்டும் கேட்டேன். நீங்கள் தூக்கித் தோளில் வைத்தபோது எல்லோரும் ஓடிக்கொண்டிருந்தார்கள்.

பெரியப்பா: ஆமாம். என் காதைப் பிடித்துக்கொண்டு "யாரு போட்டா, யாரு போட்டா" என்று கேட்டாய்.

தம்பி: எட்வின் வன்ஸ்பால் ஆடியது, ரொமாரியோ ஓடியது எல்லாம் ஞாபகம் இருக்கிறது. ரெண்டு பேரும் நம்ம தமிழ்நாட்டுப் பையன்கள். அதற்கப்புறம்தான் நான் ஸ்கூல் கிரவுண்டில் செருப்பைக் கழற்றிவிட்டு ஆட ஆரம்பித்தேன்.

சித்தப்பா (லாரி): நானும் சேர்கிறேன். ஓசூர் மச்சான் சொன்ன பயம் எனக்கும் உண்டு. 97-இல் பாலக்கோட்டிலிருந்து எர்ணாகுளத்துக்குத் தக்காளி லோடு ஓட்டிக்கொண்டிருந்தேன். அப்போது அங்கே எஃப்சி கொச்சின் புதுசு. மார்க்கெட்டில் லோடு இறக்குகிறவர் முதல் டீக்கடைக்காரர் வரை அதே பேச்சு. ஐ.எம். விஜயன், ஜோ பால் அஞ்சேரி, பெங்களூர் கார்ல்டன் சாப்மன், நம்ம ராமன் விஜயன். முதல் வருடமே டூராண்ட் கோப்பை. கேரளாவுக்கு அதுதான் முதல் டூராண்ட். ஐ-லீக்குக்கு முன்னால் இருந்த தேசிய லீக்கில் அந்த சீசன் ராமன் விஜயன் 10 கோல் போட்டு முதலிடம். 2002-க்கு அப்புறம் அந்தக் கிளப் இல்லை. சம்பளம் வராமல் ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பிப் போனார்கள்.

மாமா: அதைத்தான் சொல்கிறேன். ஜேசிடி கிளப் முதல் தேசிய லீக்கையே ஜெயித்தது, 2011-இல் மூடினார்கள். மஹிந்திரா யுனைடெட் 2010. புனேயில் பாரத் எஃப்சி என்று ஒன்று, ஐ-லீக்கில் ஆடியதே ஒரே சீசன். எங்கள் கம்பெனி கேன்டீனில் புனேக்காரர் ஒருவர் இன்னும் அதைச் சொல்லி வருத்தப்படுவார்.

அம்மா: இவ்வளவு பெரிய கிளப்பெல்லாம் ஏன் மூடுகிறார்கள்? ஜெயித்தால் பணம் வராதா?

பெரியப்பா: வராது தங்கச்சி, அதுதான் வயிற்றெரிச்சல். மண்டிக் கணக்காகச் சொல்கிறேன். வரவு என்றால் டிக்கெட் காசு, ஸ்பான்சர், அவ்வளவுதான். செலவைப் பார். ஒரு மேட்ச் ஸ்ரீநகரில், அடுத்தது இம்பாலில், ஐஸாலில், ஷில்லாங்கில், கொல்கத்தாவில். இருபது பேரை விமானத்தில் கூட்டிப்போய் ஓட்டலில் தங்கவைக்க வேண்டும். வெளிநாட்டு ஆட்டக்காரர் சம்பளம் வேறு. எல்லாம் முதலாளி ஒருத்தர் மடியிலிருந்து. மடி காலியானாலோ மனசு மாறினாலோ கடை மூடல்.

இன்னொன்று, அதுதான் எனக்கு ஆறவில்லை. ஐ-லீக்கை ஜெயித்தால் ஐஎஸ்எல்-க்குப் போகலாம் என்ற வழியே அப்போது கிடையாது. 2022-23-இல்தான் அந்தக் கதவைத் திறந்தார்கள், பஞ்சாப் டீம் ஏறிப்போனது. சென்னை சிட்டி நாலு வருடம் முன்னாலேயே ஜெயித்துவிட்டது. ஜெயித்தும் நின்ற இடத்திலேயே நின்றது. அடுத்த சீசனிலிருந்து ஐஎஸ்எல்தான் நாட்டின் முதல் லீக் என்றும் ஆக்கிவிட்டார்கள். பயிர் விளைந்த வருடம் சந்தைக்கு ரோடு இல்லாத மாதிரி.

தம்பி: ஸ்விட்சர்லாந்து எஃப்சி பாசெல்கூட 26 சதவீதப் பங்கு வாங்கியிருந்தது பெரியப்பா. 2020 ஜனவரியில் ஆசிய சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்றில் பஹ்ரைன் கிளப் ரிஃபாவிடம் 0-1. மார்ச்சில் ஆசியக் கிளப்களுக்கான ஏஎஃப்சி கோப்பையில் மாலத்தீவு கிளப் மாசியாவுடன் 2-2. அத்தோடு கொரோனா. மான்சி அதற்குள் ஜப்பான் போய்விட்டார். 2021-22 ஐ-லீக் பட்டியலில் பெயரே இல்லை.

பெரியப்பா: ஆனால் எட்வின் சென்னையின் எஃப்சி போனார், ரொமாரியோ கோவா போனார். கிளப் போனதும் இவர்கள் ஆட்டம் நின்றுவிடவில்லை. ஓசூர் மாமா, அதனால் நான் போக வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். போகிற இடத்தில் என்ன எழுதித் தருகிறார்கள் என்று பார்க்கச் சொல்கிறேன். பாப்பா, நீ சட்டம் படிக்கிறாயே, சொல்லு.

இரவு 9:20

நான்: படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். 18 வயதுக்குக் கீழே இருப்பவரிடம் மூன்று வருடத்துக்கு மேல் தொழில்முறை ஒப்பந்தம் போடக் கூடாது என்று ஃபிஃபா விதி இருக்கிறது. எனவே அப்பா, ஐந்து வருடம் என்று தாள் நீட்டினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். சம்பளம் பேசிய ஆட்டக்காரருக்கு இரண்டு மாதச் சம்பளம் நின்றுபோனால், எழுத்தில் கேட்டு 15 நாள் அவகாசம் கொடுத்துவிட்டு வெளியே வரலாம். இவனுக்கு இப்போது சம்பளமே கிடையாது, அகாடமிதான். நாம் கேட்க வேண்டியது வேறு. ப்ளஸ் டூ பொதுத்தேர்வை எந்த ஸ்கூலிலிருந்து எழுதுவான்? அடிபட்டால் ஆஸ்பத்திரிச் செலவு யாருடையது? அகாடமியை மூடினால் இவனுடைய பதிவை உடனே விடுவிப்பார்களா? இல்லையென்றால் வேறு கிளப்பில் ஆட முடியாமல் மாட்டிக்கொள்வான். வாய்வார்த்தை வேண்டாம், தாளில் வேண்டும்.

மாமா: இது சரியான கேள்வி பாப்பா.

அம்மா: அங்கே சாப்பாடு என்ன போடுவார்கள் என்றும் கேளுங்கள். களி தின்று வளர்ந்த பிள்ளை.

வெள்ளி, மதியம் 1:30

அப்பா: போன் செய்தேன். நன்றாகத்தான் பேசினார்கள். பக்கத்து ஸ்கூலில் சேர்த்து பொதுத்தேர்வு எழுத வைப்பார்களாம், போன வருடப் பையன்கள் எழுதியிருக்கிறார்கள். அடிபட்டால் இன்சூரன்ஸ் இருக்கிறது, நகல் அனுப்பினார்கள், பாப்பாவுக்குத் தனியாக அனுப்பியிருக்கிறேன். சாப்பாட்டில் வாரம் மூன்று நாள் ராகி முத்தே.

சித்தி: கர்நாடகாக் களி. பிழைத்துக்கொள்வான் 😊

நான்: மூன்றாவது கேள்விக்கு?

அப்பா: மேலே கேட்டுவிட்டு திங்கட்கிழமை சொல்கிறோம் என்றார்கள்.

தம்பி: அப்போ ஞாயிறு?

பெரியப்பா: ஞாயிறு ட்ரையல்ஸுக்குப் போகிறோம். நானும் வருகிறேன். ஆடுவதற்கு யாரிடமும் எழுதி வாங்க வேண்டியதில்லை. கையெழுத்து மட்டும் திங்கள் பதில் தாளில் வந்த பிறகு.

மாமா: பெரிய மாமா, விடிகாலை பஸ்ஸை நம்ப வேண்டாம். சனி சாயங்காலமே மூன்று பேரும் ஓசூர் வந்துவிடுங்கள். காலை 5:30-க்கு என் வண்டியில் நானே கூட்டிப்போகிறேன்.

அம்மா: மூன்று இல்லை தம்பி, நாலு. நானும் வருகிறேன்.